என் ஓரகத்தியோட வாய்

எங்க வீட்டுல இப்ப அவ பேரைச் சொல்றதில்ல. சொல்லக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. என் கொழுந்தனும் அவளும் பிரிஞ்சதுக்கு அப்புறம், பேச்சுல அவ பேரு வர்ற இடம் வந்தா என் வீட்டுக்காரர் லேசா இருமுவார், நான் அடுப்பைப் பாக்கப் போயிடுவேன். அப்படியே பழகிடுச்சு. அதனால நானும் இங்க பேரைச் சொல்லல. என் ஓரகத்தி, அவ்வளவுதான். முறைப்படி பாத்தா இப்ப அதுகூட இல்ல.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு அவ மேல பொறாமை. அன்னிக்கும் இருந்துது, இன்னிக்கும் இருக்கு. அழகுக்காக இல்ல. எங்க ரெண்டு பேர் கல்யாண ஆல்பத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவங்க மூக்கும் முழியும் நான்தான் தேவலைனு சொல்லுவாங்க. அவ பல் டாக்டர், நான் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல பே-ரோல் பாக்குறவ, அதுக்காகவும் இல்ல. அவ வாய்க்குத்தான் பொறாமை. யார்கிட்ட என்ன சொன்னாலும் அவங்க சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டுப் போவாங்க. அதே வார்த்தையை நான் சொன்னா அன்னியோட அவங்க எங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டாங்க. நான் சொன்னா குத்தல், அவ சொன்னா கிண்டல். இது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

உதாரணம் வேணுமா? இங்க நியூ ஜெர்சியில, பிரிட்ஜ்வாட்டர்ல தெரிஞ்சவங்க ஒருத்தங்க வீட்டுல கிரகப்பிரவேசம். பந்தியில பாயசம் வந்துது. சர்க்கரை போட்டாங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துட்டாங்களான்னு தெரியல, அப்படி ஒரு பாயசம். நான் அந்த அம்மாகிட்ட ரொம்ப மரியாதையாத்தான் சொன்னேன், "இனிப்பு மட்டும் ஒரு பொடி கம்மி, மத்தபடி பிரமாதம்." அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மா மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. பத்து நிமிஷம் கழிச்சு இவ டம்ளரோட வந்தா. "ஆன்ட்டி, பல் டாக்டர் வர்றான்னு சொல்லி சர்க்கரையை ஒளிச்சு வச்சுட்டீங்களா? எங்க பொழப்புல ஏன் ஆன்ட்டி மண்ணைப் போடுறீங்க?" அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிச்சு, உள்ள போயி சர்க்கரை டப்பாவையே தூக்கிட்டு வந்துட்டாங்க. நான் பக்கத்துல நின்னு அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு. என் வீட்டுக்காரருக்கு தொப்பை. கல்யாணம் ஆன மூணாவது வருஷத்துல இருந்து சொல்றேன், நடங்க, நடங்கன்னு. காதுலயே போட்டுக்க மாட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை இவ வந்து, "பெரியத்தான், எத்தனாவது மாசம்? வளைகாப்புக்கு நான் கோயமுத்தூர்ல இருந்து வளையல் வரவழைக்கட்டுமா?"ன்னு கேட்டா. மனுஷன் சிரிச்ச சிரிப்புல காபி மூக்குல ஏறிடுச்சு. மறுநாள் காலையில ஷூ வாங்கிட்டு வந்து நடக்க ஆரம்பிச்சுட்டார். "நான் சொன்னப்ப என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டேன். "நீ எங்க சொன்ன, நீ திட்டின"ன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

நாங்க திருநெல்வேலிப் பக்கம். அவ கோயமுத்தூர். அந்தப் பக்கத்துப் பேச்சுக்கே ஒரு மரியாதை உண்டு, கொழைஞ்சு கொழைஞ்சு வரும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா. கோயமுத்தூர்க்காரங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், யாருக்கும் இந்த வரம் வாய்க்கல. அவ எதிராளி கண்ணை நேரா பாத்து, பாதி சிரிப்போட, ஒரு தாட்சண்யமும் இல்லாம உண்மையைச் சொல்லுவா. பேஷன்ட்கிட்டயும் அப்படித்தானாம். "இந்தப் பல்லு போச்சு. நீங்களும் நானும் அழுதா வராது. பிடுங்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?" அவ்வளவுதான், அவங்க வாயைத் திறந்துடுவாங்களாம்.

அவங்க வீட்டுல ஒரு மோட்டார் படகு இருந்துது, அந்த போட் கதைக்கு வர்றேன். அது என் கொழுந்தன் வாங்கினது. அவனுக்கு எதையாவது வாங்கணும், வாங்கி நிறுத்திட்டு அடுத்ததைத் தேடணும். ட்ரெட்மில் வாங்கினான், அதுல இப்ப துணி காயுது. அப்படித்தான் ஒரு பழைய மோட்டார் போட்டை ட்ரெய்லரோட வாங்கி வீட்டு முன்னாடி, கார் நிறுத்துற ட்ரைவ்-வேல கொண்டு வந்து நிறுத்தினான். ஒரு கோடை முழுக்க எல்லாரையும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போனான். செப்டம்பர் வந்ததும் சலிச்சுப் போச்சு. ஜெர்சி குளிருக்கு போட்டை அப்படியே விட முடியாது. பின்னால தண்ணிக்குள்ள தொங்குமே, ப்ரொபெல்லர் மாட்டின கால், அதுக்குள்ள பல்சக்கரமெல்லாம் எண்ணெயில முங்கிக் கிடக்கும். குளிருக்கு முன்னாடி அந்த எண்ணெயை வடிச்சுட்டுப் புது எண்ணெய் ஏத்தணும். தண்ணி புகாம அடைக்கிற சீல் எங்கயாவது போயி உள்ள தண்ணி இறங்கியிருந்தா, ஜனவரியில அது உறைஞ்சு வெளிக்கூட்டையே வெடிக்க வச்சுடும்.

அவன் போட்டெல்லாம் பராமரிக்கிற மெரினாவுல விட்டுடலாம்னான். இவதான் மாட்டேன்னுட்டா. "எண்ணெய் என்ன கலர்ல வருதுன்னு என் கண்ணால பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு அடுத்தவன் வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" வீடியோ பாத்து, புத்தகம் வாங்கிப் படிச்சு, அவளே இறங்கிட்டா. அன்னியில இருந்து வருஷா வருஷம் அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை அவ வீட்டு ட்ரைவ்-வேல கியர் ஆயில் மாத்துறது எங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஒரு விசேஷம் மாதிரி ஆயிடுச்சு. நான் டிபன் கட்டிட்டுப் போவேன். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உக்காந்து ஆலோசனை சொல்லுவார்.

அவ வேலை செய்யிறதைப் பாக்கணுமே. க்ளினிக்ல போடுற நீலக் கையுறை, நெத்தியில லைட்டு. பல்லைப் பாக்குற அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்து ஸ்க்ரூவுக்கு அடியில விட்டுப் பாப்பா. அந்தக் கால்ல கீழ ஒரு ஸ்க்ரூ, மேல ஒரு ஸ்க்ரூ. கீழதை முதல்ல கழட்டுவா, அப்புறம் மேலதை. மேல வழியா காத்து உள்ள போனாத்தான் கீழ எண்ணெய் இறங்கும். "ஆ காட்டுங்க, ஆ... இன்னும் கொஞ்சம்"னு அதுகிட்ட பேசிக்கிட்டே வடிப்பா. வழியிற எண்ணெயை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாப்பா. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா நல்லது. கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்து வந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். கொழுந்தன் பக்கத்துல வந்து எட்டிப் பாத்தா, "வாங்கினதோட உன் வேலை முடிஞ்சுது. தள்ளி நில்லு, நிழல் விழுது"ம்பா. அவனும் சிரிச்சுக்கிட்டே தள்ளி நிப்பான். அப்ப சிரிச்சான்.

ஒரு வருஷம் அந்த சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு மறுநாளா வந்துது. முந்தின நாளே எண்ணெயை வடிச்சு வச்சிருந்தா. நான் விடுவேனா? கார், போட், கம்ப்யூட்டர், அவளோட பல் பிடுங்குற குறடு வரைக்கும் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். அந்த ரெண்டு ஸ்க்ரூவும் ஒரு கிண்ணத்துல கிடந்துது. அதுகளை மட்டும் எதுக்கு ஒதுக்கணும்னு நல்லா குழைச்சு, மேலயும் கீழயும் சுத்திச் சந்தனம் வச்சு, பொரிகடலை பக்கத்துல தட்டுல வச்சுட்டேன். ஆயுத பூஜையில வச்ச சாமானை மறுநாள் புனர்பூஜை முடியிற வரைக்கும் தொடக் கூடாது. அதுவரைக்கும் துளையில துணியை அடைச்சு வச்சிருந்தாங்க. மறுநாள் என் வீட்டுக்காரர் பக்தியோட ஸ்க்ரூவை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, துடைக்காம அவகிட்ட நீட்டியிருக்கார். அவளும் வேகத்துல மாட்டிட்டா.

அடுத்த வருஷம் வடிச்சப்ப எண்ணெய் கஞ்சியா வந்துது. சீல் எல்லாம் போயிடுச்சோன்னு கொழுந்தன் தலையில கையை வச்சு உக்காந்துட்டான். இவ ஸ்க்ரூவைத் திருப்பிக் கண்ணாடியில பாத்தா. வாஷருக்கு அடியில காஞ்ச சந்தனம், கோலம் போட்ட மாதிரி. அந்த இடுக்கு வழியாத்தான் தண்ணி போயிருக்கு. ஏரியில அந்த வருஷம் ரொம்ப ஓட்டல, பல்சக்கரம் தப்பிச்சுது. நான் அப்படியே கல்லா நின்னேன். இவ நிமிந்து என்னைப் பாத்தா. "அக்கா, உங்க பக்தியில பாவம் இந்த வாஷருக்கு மோட்சமே கிடைச்சிடுச்சு. அடுத்த வருஷத்துல இருந்து தலைக்கு மட்டும் பொட்டு வையுங்க, கழுத்துக்குக் கீழ வேண்டாம்"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சிரிச்சேன், ஆனா வயிறு எரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க. அவ பூஜை பண்ணி என் போட் பாழாகியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? நாலு நாள் சோறு இறங்காத மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன். அவ சொன்னதுல எனக்கு வலிக்கக்கூட இல்ல. வலிக்காம ஒருத்தரைத் தப்புன்னு சொல்ல முடியும்னா, அந்த வித்தையை எனக்கு ஏன் யாரும் தரல?

இதெல்லாம்கூட விடுங்க. என் பொண்ணு விஷயம்தான் என்னைத் தின்னுது.

எனக்கு ஒரே பொண்ணு. ஓரகத்திக்குக் குழந்தை இல்ல. வேண்டாம்னு முடிவு பண்ணினாங்களா, வரலையா, நான் கேட்டதில்ல. என் பொண்ணு சனிக்கிழமையானா சித்தியோட ஏரிக்குப் போயிடுவா. திரும்பி வந்தா முகம் பளபளன்னு இருக்கும். "என்னடி பண்ணீங்க?"ன்னு நான் தமிழ்ல கேட்பேன், "நத்திங்"னு அவ இங்கிலீஷ்ல சொல்லுவா. இங்க பிறந்த பிள்ளைங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான். நாம தமிழ்ல கேப்போம், அதுங்க இங்கிலீஷ்ல பதில் சொல்லும். சின்ன வயசுல கொஞ்சம் தமிழ் பேசினா. தப்பாச் சொன்னா நான் திருத்துவேன். அம்மான்னு இருந்தா திருத்த மாட்டாளா? அப்புறம் பேசறதையே விட்டுட்டா. சரி, ஊர் உலகத்துல நடக்கிறதுதானேன்னு நானும் விட்டுட்டேன்.

அவ பெரியவளானதுகூட போட்ல இருக்கும்போதுதான். முதல்ல சித்திகிட்டதான் சொல்லியிருக்கா. சித்தி அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, "நான் பல் டாக்டர், இது என் டிபார்ட்மென்ட் இல்ல, பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கேன்"னு என் முன்னாடி நிறுத்தினா. மூணு பேரும் சிரிச்சோம். உளுந்தங்களி கிண்டினேன். அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தனக்குன்னு ஒண்ணைப் பெத்துக்கிட்டா என்னவாம், என் பிள்ளையை ஏன் எடுத்துக்கிறான்னு மனசுல ஓடுச்சு. அந்த மாதிரி ஒரு நினைப்பு வந்ததே தப்புதான். ஆனா வந்துது, என்ன பண்றது?

அவ வாய் ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் பலிக்கல. என் கொழுந்தன்கிட்ட. ஊரே அவ பேச்சுக்குச் சிரிச்சப்ப, அவன் ஒரு கட்டத்துல சிரிக்கறதை நிறுத்திட்டான். ஒரு பொங்கலுக்கு எல்லார் முன்னாடியும் அவ ஏதோ கிண்டல் பண்ண, அவன் தட்டை வச்சுட்டு எழுந்து போனான். எனக்கு, உள்ளதைச் சொல்றேன், ஒரு ஓரத்துல குளுகுளுன்னு இருந்துது. அப்பாடா, இவளாலயும் ஒருத்தர் மூஞ்சியைச் சுருங்க வைக்க முடியுதேன்னு. அப்புறம் ஒண்ணரை வருஷத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சாங்க. பெரிய சண்டை, கூச்சல் எதுவும் இல்ல. அவன் வேற ஊருக்குப் போயிட்டான். வீடும் போட்டும் அவளுக்கு. நாங்க அவன் பக்கத்துச் சொந்தம், அதனால போக்குவரத்து நின்னுபோச்சு. பூஜை, டிபன், அந்த அக்டோபர் சனிக்கிழமை, எல்லாம் நின்னுது. என் பொண்ணு மட்டும் நிறுத்தல. அதுக்குள்ள அவ வேலைக்குன்னு கலிபோர்னியாவுல டப்ளினுக்குப் போயிட்டா, ஆனாலும் சித்திகூட போன் பேச்சு ஓடிக்கிட்டேதான் இருந்துது.

அடுத்த வருஷம் என் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. நல்ல பையன், நல்ல இடம். கோயில்ல மண்டபம் பேசியாச்சு. பங்குனி முடியிற நேரத்துல ஒரு நாள் போன் பண்ணி, வேண்டாம்னுட்டா. காரணம் கேட்டா, "வீ வோன்ட் பி ஹேப்பி, அம்மா"ங்கறா. அவ்வளவுதான் காரணம். பத்திரிகை டிசைன் வரைக்கும் போனப்புறம் சொல்ற காரணமா இது? எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. வாயில வந்ததைச் சொன்னேன். கடைசியில, "உன் சித்தி மாதிரி தனியா போட்டைக் கழுவிக்கிட்டு நிக்கணுமா உனக்கு?"ன்னு கேட்டேன். "யெஸ். ஐ வுட் லவ் தட்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. அப்பாகிட்ட பேசுவா. நான் மெசேஜ் போட்டா ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். பிறந்தநாளுக்கு நான் போட்ட பெரிய மெசேஜுக்கும் ஒரு கட்டைவிரல். "நீயே கூப்பிட்டு ஒரு சாரி சொல்லேன்"னு என் வீட்டுக்காரர் சொன்னார். கூப்பிட்டேனே, எடுத்தாத்தானே? கோடை போச்சு. நவராத்திரி வந்துது. அவ கல்யாணத்தை நிறுத்தினதுகூட எனக்குப் பழகிடுச்சு. ஒரு தடவை வாயைத் திறந்து என்கிட்ட பேசினாப் போதும்னு ஆயிடுச்சு.

யார் சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும். அதான் அவமானம். நான் பெத்த பொண்ணை என்கிட்ட பேச வைக்க இன்னொருத்தியோட வாய் வேணும். அதுவும் அந்த வாய். எத்தனை நாள் போனை எடுத்து, அவ நம்பர் வரைக்கும் போயி, மூடி வச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. கடைசியில ஒரு அக்டோபர் சனிக்கிழமை, கடைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு அவ வீட்டுக்குக் காரை விட்டேன். கை சும்மா இருக்கக் கூடாதேன்னு வீட்டுல சுட்ட தட்டையை ஒரு டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டேன்.

அவ ட்ரைவ்-வேல போட்டுக்குப் பின்னால மல்லாக்கப் படுத்திருந்தா. பழைய எண்ணெய் வடிஞ்சு முடிஞ்சிருந்துது. என் செருப்பைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா.

"வாங்கக்கா. கரெக்டான நேரத்துக்கு வந்தீங்க. மேல ஸ்க்ரூ போட ஆள் இல்லாம என்ன பண்றதுன்னு படுத்துக் கிடந்தேன்."

இத்தனை நாளா ஏன் வரலன்னு கேக்கல. நல்லா இருக்கீங்களான்னு கேக்கல. ஒரு பெரிய பாட்டில்ல இருந்து பம்பு வச்சு எண்ணெயைக் கீழ் துளை வழியா ஏத்த ஆரம்பிச்சா. ஏன் கீழ இருந்து ஏத்தணும்னு முன்னாடியே ஒருதரம் கேட்டிருக்கேன். மேல இருந்து ஊத்தினா உள்ள காத்து மாட்டிக்குமாம். கீழ இருந்து ஏத்தினா காத்தெல்லாம் மேல் துளை வழியா வெளிய போயிடும். மேல எண்ணெய் எட்டிப் பாத்ததும் உடனே மேல் ஸ்க்ரூவை மூடணும். அப்பத்தான் கீழ இருந்து பம்பை எடுத்தாலும் எண்ணெய் கொட்டாது. அவ பம்போட மூக்கு தேஞ்சு போனது, திருகினா நிக்காது. ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அடிக்கணும். ரெண்டு கையும் எடுக்க முடியாது.

நான் ஸ்க்ரூவைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். கேக்க வந்ததைக் கேக்கல. "இந்தத் தடவை எண்ணெய் எப்படி?"ன்னு கேட்டேன்.

"சுத்தமா இருந்துதுக்கா. யாரும் பூஜை பண்ணலையே."

அதுக்கும் எனக்குச் சிரிப்பு வந்துது, பாருங்க.

அப்ப டூல்பாக்ஸ் மேல இருந்த அவ போன் அடிச்சுது. "அக்கா, எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. க்ளினிக்கா இருக்கும்"ன்னா. எடுத்தேன். ஸ்க்ரீன்ல என் பொண்ணு போட்டோ. ஏரியில எடுத்தது, தலைமுடியெல்லாம் காத்துல பறக்குது. என் போன்ல அந்தப் படம் இல்ல. விரல் தானா அமுத்திடுச்சு.

"சித்தி! ஒரு எமர்ஜென்சி. சொதி பண்றேன். முதல் தேங்காய்ப்பால் ஊத்திட்டேன். இப்ப ஓரத்துல எல்லாம் திரிதிரியா வருது. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க."

தமிழ். மளமளன்னு தமிழ். இங்கயும் அங்கயும் உச்சரிப்பு வழுக்குது, ஆனா அவ அதைப் பத்திக் கவலைப்படல, நிக்காம ஓடுது. என் பொண்ணு தமிழ்ல பேசி நான் கேட்டது அவ ஒண்ணாங்கிளாஸ் படிச்சப்ப. இவகிட்ட எவ்வளவு நாளா இப்படிப் பேசிக்கிட்டு இருக்கா? பிடுங்கிட்டா, மொத்தமாப் பிடுங்கிட்டான்னு தோணுச்சு.

"கண்ணு, உங்க திருநெல்வேலிச் சொதி எனக்கு வைக்கத் தெரியுமா? வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும் எனக்கு. கூகுள் பண்ணு."

"பண்ணினேன் சித்தி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. எதுவும் அம்மா பண்றது மாதிரி இல்ல. அம்மா பண்ணினா இப்படித் திரியவே திரியாது."

அவ பம்பை அடிச்சுக்கிட்டே, படுத்தபடி என்னைப் பாத்தா. "ஸ்பீக்கர்ல இருக்க கண்ணு. பக்கத்துல ஆள் இருக்கு"ன்னு போனைப் பாத்துச் சொன்னா.

"யாரு?"

அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அங்க சொதி திரிஞ்சுக்கிட்டு இருக்கு.

"முதல்ல அடுப்பை அணை"ன்னேன்.

வச்சுடுவான்னு நினைச்சேன். க்ளிக்னு அடுப்பு அணையிற சத்தம் கேட்டுது.

"ஓகே. இட்ஸ் ஆஃப்." அப்புறம் மெதுவா, "அம்மா?"

"ம்."

"இஸ் இட் ரூயின்ட்?"

என் குரலைக் கேட்ட அந்த நிமிஷமே இங்கிலீஷுக்கு மாறிட்டா. எனக்கு அது சுருக்குன்னு குத்துச்சு. ஆனாலும் பேசுறா. என்கிட்ட பேசுறா.

"ரூயின் எல்லாம் ஒண்ணும் ஆகல. கெட்டிப் பால் மிச்சம் இருக்கா?"

"ஹாஃப் எ கப்."

"அடுப்பு பத்த வைக்காம, அப்படியே ஊத்தி, கரண்டியால ஒரே பக்கமாக் கிண்டு. வேகமா வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டியா?"

"நாட் யெட்."

"நல்ல வேளை. சூடு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் பிழி. பருப்பு குழையாம வேக வச்சியா?"

"ஐ திங்க் சோ." கரண்டி பாத்திரத்துல உரசுற சத்தம் கேட்டுது. "அம்மா, இட்ஸ் கமிங் டுகெதர். இட் லுக்ஸ் லைக் யுவர்ஸ்."

அப்பத்தான் பாத்தேன். மேல் துளையில எண்ணெய் வந்து, வழிஞ்சு, அந்தக் காலோட பக்கவாட்டுல இறங்கிக்கிட்டு இருந்துது. நான் ஒரு கையில போனும் ஒரு கையில ஸ்க்ரூவுமா மரம் மாதிரி நிக்கிறேன். அவ அடிக்கிறதை நிறுத்திட்டா, ஆனா தேஞ்ச மூக்குப் பக்கமா எண்ணெய் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, கீழ அழுத்திப் பிடிச்ச கையை எடுக்க முடியல. எடுத்தா ஏத்தினது முழுக்கக் கொட்டிடும். கை நடுங்குது. வழியிற எண்ணெய் அவ முழங்கையில சொட்டி, கழுத்துப் பக்கம் போகுது. "அக்கா, ஸ்க்ரூ"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் மூடியிருப்பேன். அவ உதட்டை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டுக் கிடந்தா.

"அம்மா, ஆர் யூ ஸ்டில் மேட் அட் மீ?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்துது. எதைச் சொன்னாலும் தப்பா வந்து விழும்னு பயம். "சொதியை ஆற விடாம சாப்பிடு. இஞ்சித் துவையல் இல்லாட்டி சிப்ஸ் வச்சுக்கோ. சாப்பிட்டுட்டு என் நம்பருக்குக் கூப்பிடு"ன்னேன்.

"ஓகே. ஐ வில்." ஒரு மூச்சு விட்டா. "ஐ வில், அம்மா."

போன் நின்னுது. நான் குனிஞ்சு மேல் ஸ்க்ரூவை வச்சுத் திருகினேன். அவ பம்பை எடுத்துட்டு, கீழ் ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கிட்டு, எழுந்து உக்காந்தா. சட்டையில பாதிக்கு எண்ணெய். ட்ரைவ்-வேல ஒரு குட்டை. அவ ஏதாவது சொல்லுவான்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். ஒரு கிண்டல், ஒரு ஜோக், எதுவா இருந்தாலும் வாங்கிக்கத் தயாரா இருந்தேன். அவ கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு, நான் கொண்டு போன டப்பாவைத் திறந்து, ஒரு தட்டையை எடுத்துக் கடிச்சா. ஒண்ணுமே சொல்லல.

அதுக்கப்புறம் சீக்கிரமே அந்த வீட்டை வித்துட்டு டெக்சாஸ் பக்கம் போயிட்டா. நான் அவளை நேர்ல பாத்தது அன்னிக்குத்தான் கடைசி. என் பொண்ணு இப்ப என்கிட்ட வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுறா, இங்கிலீஷ்லதான். அவகிட்ட எந்தப் பாஷையில பேசுறான்னு நான் கேக்கல, கேக்க மாட்டேன்.

அன்னிக்குத் திரும்பி வரும்போது காரை ஓரமா நிறுத்திட்டு யோசிச்சேன். அந்த எண்ணெய் என் மேல வழிஞ்சு, என் கை நடுங்கி, எதிர்ல அவ என் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு நின்னிருந்தா, நான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்திருப்பேனா? மாட்டேன். முதல் சொட்டு விழுந்ததுமே கத்தியிருப்பேன். அது எனக்கே நல்லாத் தெரியும், அதான் இன்னும் எரியுது.